மூடாமல் விட்ட தகரம்

மகள் தன் வீட்டுக் கூரையின் உட்பக்கம் வெள்ளித்தாள் போல ஒன்றை ஒட்டப்போகிறாள். வீடு குளிருமாம், மின்விசிறி பாதி நேரம் ஓடினால் போதுமாம், கரண்ட் பில் குறையுமாம். ஒட்ட வந்தவர், "மேல என்ன விழுந்தாலும் உள்ளுக்குச் சத்தமே கேக்காது" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், நானும் ஒரு கூரையைக் குளிரவைத்தேன். கிரான் ஊருக்குப் பக்கத்தில், ரயில் ஓடாமல் போன தண்டவாளத்துக்கு அருகே எங்கள் வீடு இருந்தது. தகரக் கூரை, கரண்ட் கிடையாது. பிள்ளையின் உடம்பெல்லாம் வேர்க்குரு சீழ் பிடித்துக் காய்ச்சலும் கண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆமி மறித்துச் சோதிக்கும் மூன்று சென்றி தாண்ட வேண்டும்.

உச்சி வெயிலில் தகரம் விரியும்போது தானாகவே 'டக்' என்னும். சற்றுப் பொறுத்து இன்னொரு 'டக்'. யாரோ கூரையில் கால்வைத்து நடப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா தலையைத் தூக்குவாள், என் தம்பியை நினைத்து.

ஒரு சுற்றிவளைப்பில் ஆமி அவனைத் தேடி வந்தபிறகு, அவன் வயல் வட்டைப் பக்கம் காவலுக்குப் போட்ட ஒரு வாடிக் குடிசையில் ஒளிந்திருந்தான். மாதத்தில் ஓரிரு தடவை, சென்றியில் நிற்பவர்களுக்குக் கண் சொருகும் மத்தியான நேரத்தில், பின்பக்கப் புதர்ப் பற்றைக்குள்ளால் வருவான். கதவைத் தட்டமாட்டான், அந்த நாட்களில் தட்டினால் யாரும் திறப்பதில்லை. தண்டவாளத்தில் பொறுக்கிய கருங்கல் மூன்றை, ஒவ்வொன்றாக, சமைக்கிற குசினித் தகரத்தில் எறிவான். பின்கதவு திறந்தால் அவன் வரலாம். திறக்காவிட்டால் உள்ளே ஆமி நிற்கிறது, திரும்பிப் போய்விட வேண்டும். அந்த ஏற்பாடு அவனுடையதுதான்.

வெள்ளாமை வெட்டி முடிந்ததும் என் கணவர் வைக்கோலும் பின்னிய தென்னோலைக் கிடுகும் கொண்டுவந்தார். தகரத்தின்மேல் கம்பு பரப்பி, காற்றுப் போக இடம்விட்டு, வைக்கோலைப் போட்டுக் கிடுகால் மூடினோம். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குசினித் தகரத்த மட்டும் விட்டிரு புள்ள. அவன் எறிஞ்சா கேக்கோணும்."

விட்டோம். வீடு குளிர்ந்தது, ஆனால் பிள்ளையைக் கிடத்தும் இடம் குசினியை ஒட்டியிருந்தது. அந்த ஒற்றைத் தகரத்தின் அனல் நேரே அவள்மேல் இறங்கியது. மூன்று வாரமாகத் தம்பியும் வரவில்லை. அம்மா கூட்டுறவுக் கடையில் மாவுக்கு வரிசையில் நிற்கப் போன ஒரு நாள், நானே ஏறி அதையும் மூடினேன். எப்போதோ வருகிறவனுக்காக என் பிள்ளை தினமும் வேகவேண்டுமா என்ற ஆத்திரம்தான்.

அம்மா வந்து நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து மத்தியானங்களில் முருங்கையடியில் போய் இருந்து பற்றையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குப் புண் காய்ந்தது. நன்றாகத் தூங்கினாள். எனக்குச் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் தகரம் வாயடைத்துப் போன அந்த வீடு எனக்குப் பயமாக இருந்தது. காகம் வந்து இருந்தாலும் தெரியாது. மேலே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருப்பதுபோலவே இருக்கும். காரணமில்லாமல் போய்ப் பின்கதவைத் திறப்பேன். காற்றே இல்லாமல் பற்றையில் ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இடையில் அம்மா பத்து நாள் காய்ச்சலில் பாயோடு கிடந்தாள். "நான் பாத்துக்கொள்றன், நீங்க படுங்க" என்று சொன்னது நான்தான். முதல் இரண்டு நாள் முருங்கையடியில் இருந்தேன். பிறகு வெயில் பொறுக்காமல் உள்ளே வந்து பிள்ளையோடு படுத்தேன். வீடு அவ்வளவு குளிர்மையாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

தம்பி பிறகு வரவேயில்லை. வாடியும் வெறுமையாகக் கிடக்கிறது என்று மாடு மேய்க்கிறவர்கள் வந்து சொன்னார்கள். எங்கே போனான், யார் கையில் அகப்பட்டான் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வருடம் கிடுகு உக்கிவிட்டது. மாற்றுவதற்காக நான் ஏறினேன். குசினிப் பக்கத்துக் கிடுகைக் கிளப்பியதும் கை நின்றுவிட்டது. ஈர வைக்கோலுக்குள் புதைந்து கிடந்தன, தண்டவாளக் கருங்கற்கள். எங்கள் மண் வெறும் மணல். அங்கே கல் தானாக வராது.

கீழே ஏணியைப் பிடித்திருந்த அம்மா கேட்டாள். "என்ன புள்ள, அப்படியே நிக்கிறாய்?"

"ஒண்டுமில்லம்மா. காகம் கொண்டுவந்து போட்ட மட்டிச் சிப்பி."

அம்மா ஏணியை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"மூண்டா?" என்றாள்.