ஐந்தருவியில் ஓசிப் பெஞ்சு

போன மாதம் என் மகன் சென்னையில் ஒரு பெரிய கடைக்கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனான். தானே நகரும் படிக்கட்டில் கால் வைக்க நான் பயந்தேன் என்று மருமகள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயமெல்லாம் இல்லை. சேலைக் கரை மாட்டிக்கொள்ளுமே என்று யோசித்தேன், அவ்வளவுதான். மேலே போனால் சுற்றிவர இருபது கடை, நடுவில் மேசை நாற்காலி. ஃபுட் கோர்ட்டாம். எந்தக் கடையிலும் வாங்கலாமாம், எந்த மேசையிலும் உட்காரலாமாம். தானே கட்டிய கோயிலைக் காட்டுகிறவன் மாதிரி மகன் விளக்கினான்.

பிறகு ஒரு தட்டு வந்தது. மலேசியச் சாப்பாடு, பெயர் நாசி லெமாக். "அத்தை, தேங்காய்ப்பால்ல வேக வச்ச சோறு இது. அந்தச் சிவப்புச் சட்னி கொஞ்சம் வாடை அடிக்கும், பயப்படாதீங்க" என்றாள் மருமகள். மறுபடியும் பயம். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்த பெலாச்சான். அதை நான் அம்மியில் அரைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"இதை நான் ஐந்தருவியில வித்திருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை உங்கள் வீட்டிலும் இருக்கும். அதனால் அவர்களிடம் மேலே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தமக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் பினாங்குக்குக் கப்பலேறியவர், பதினாலு வருஷம் கழித்து, எழுபதுகளின் கடைசியில் தென்காசிக்குத் திரும்பினார். அவர் பெண்டாட்டி பிச்சம்மாள், எனக்கு ஓரகத்தி, அத்தனை வருஷமும் எங்களோடு ஒரே வீட்டில் காத்திருந்தாள். காத்திருந்தவளுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு குடை, ஒரு டார்ச் லைட்டு, அப்புறம் பினாங்கைப் பற்றிய பேச்சு. குடையும் லைட்டும் சீக்கிரம் கெட்டுப்போயின. பேச்சு கெடவில்லை.

"அங்கன எங்க பினாங்குல" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே, இதெல்லாம் ஒரு மழையா என்பார். அங்கே பெரிய சமையல்காரராக இருந்தாராம். வெங்காயம் நறுக்கிய அழகைப் பார்த்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம். ஆனால் மேசையைத் துடைத்தாரென்றால் கண்ணாடியாக இருக்கும்.

ஆனி மாதம், சீசன் ஆரம்பம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு மலாய்ச் சாப்பாட்டுக் கடை வைக்கப்போகிறேன் என்றார். ஓடினால் இங்கேயே இருப்பது. ஓடாவிட்டால் ஆடி கழிந்ததும் மறுபடி கப்பல். இதை எல்லார் முன்னாலும் சொன்னார். பானை கழுவிக்கொண்டிருந்த பிச்சம்மாள் நிமிரவில்லை. மறுநாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒன் கைப்பக்குவம் ஊருக்கே தெரியும். எனக்காவ அந்தக் கடையில நின்னு குடு."

நின்றேன். அவளுக்காக நின்றேனா, கைப்பக்குவத்தைப் பற்றிச் சொன்னதற்காக நின்றேனா என்று இப்போது கிண்டவேண்டாம்.

முதல் நாள், பெரியத்தான் சொன்னபடி நானே இறாலை இடித்துக் காயவைத்திருந்த பெலாச்சானை வதக்கினேன். பக்கத்து நேந்திரங்காய் வறுவல் கடைக்காரர் வந்து, கொட்டகைக்குப் பின்னால் எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று குனிந்து தேடினார். மறுநாள் மீ கோரெங். மைதாவைப் பிசைந்து தேய்த்து நூல்நூலாக அறுத்து, வேகவைத்து, மிளகாய் விழுதில் பிரட்டவேண்டும். அருவியில் குளித்துவிட்டு, காதோரம் எண்ணெய் வழிய நடுங்கிக்கொண்டு வந்த கடையம் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர், தேங்காய்ப்பூவும் சீனியும் வைக்க மறந்துவிட்டாயே என்று என்னைக் கேட்டார். அவருக்கு அது இடியாப்பம். பெரியத்தான் போய், பினாங்கில் இதை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று வெகுநேரம் விளக்கினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிவே, சீனியாவது குடும்" என்றார்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் கடை தப்பியிருக்கும். பினாங்கில் பத்துக் கடைக்கும் பொதுவாக ஒரே இடத்தில் மேசை கிடக்குமாம். எங்கே வாங்கியவனும் எங்கேயும் உட்காரலாமாம். அதுதான் நாகரிகமாம். நாலு நீளப் பெஞ்சு செய்து போட்டார். போட்டுவிட்டு, சுற்றியிருந்த கடைகளுக்கெல்லாம் தாமே போய், ஒங்க ஆட்களையும் இங்கன அனுப்புங்க என்று அழைத்துவிட்டு வந்தார். பக்கத்துத் தட்டைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவார்கள் என்பது அவர் நினைப்பு.

நம் ஜனத்துக்குச் சொல்லவா வேண்டும்? வெளியே சாரல், உள்ளே பெஞ்சு. பஜ்ஜிக்காரர்கள் ஒரு பக்கம், பரோட்டாக்காரர்கள் ஒரு பக்கம். வீரகேரளம்புதூரிலிருந்து தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம், தொட்டுக்கொள்ள நம்மிடமே சம்பல் கேட்டது, அந்தச் சிவப்புச் சட்னியைத்தான். ஈரத்துண்டு காய நம் கொட்டகைக் கயிறு. வாங்கித் தின்ன ஆளே வரவில்லை என்று சொன்னால் பாவம், சீனி அண்ணாச்சி இரண்டாம் தடவையும் வந்தார். ஒவ்வொரு கூட்டமும் எழுந்துபோனதும் பெரியத்தான் சிரித்துக்கொண்டே பெஞ்சைத் துடைப்பார்.

நான் அதற்கு 'ஓசிப் பெஞ்சு' என்று பெயர் வைத்தேன். வறுவல் கடைக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். மூன்றாம் நாள் ரோட்டில் போகிறவன் எல்லாம், "ஏலே, ஓசிப் பெஞ்சுல இருக்கேன், வந்துரு" என்று கூப்பிட்டுக்கொண்டு போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்றைக்கும் அது நல்ல பெயர் என்றுதான் சொல்வேன்.

ஒரு மத்தியானம் பிச்சம்மாள் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். மலாய்ச் சாப்பாடு ஆக்குகிறவளுக்கு வீட்டிலிருந்து ரசஞ்சோறு வரவேண்டியிருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சாப்பிட்டு முடித்து, தட்டிக்குப் பின்னால் அவளுக்குப் பெரியத்தான் மாதிரி நடித்துக் காட்டினேன். துண்டைத் தோளில் போட்டுக் குனிந்து, இல்லாத பெஞ்சைத் துடைத்து, "அங்கன எங்க பினாங்குல, ஓசியில உக்காந்தாலும் தொடச்சிதாம் விடுவோம்" என்றேன். பிச்சம்மாள் சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் பல்வரிசையை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

தட்டி ஓரத்தில் பெரியத்தான் நின்றுகொண்டிருந்தார். கையில் துணி. என்னை அவர் பார்க்கவே இல்லை. என் வாய் அவருக்குத் தெரிந்ததுதான். அவளைப் பார்த்தார். பிறகு போய், யாருமே உட்காராத பெஞ்சைத் துடைத்தார்.

ஆடி கழியட்டும் என்று காத்திருக்கவில்லை. பாதி ஆடியில் கொட்டகையைப் பிரித்தார், போய்விட்டார். சோறு விற்கவில்லை, அதனால் போனார் என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. பிச்சம்மாள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அவள் சொன்னது ஒன்றுதான்.

"நீ என்னட்டி செய்வ. நானுந்தான சிரிச்சேன்."

பினாங்கிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். மூன்றாம் வகுப்புவரை போன நான்தான் அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: பெஞ்சுகளை விற்றுவிட வேண்டாம். எண்பதுகளின் நடுவில் கடிதம் நின்றுபோனது. அவள் விற்கவில்லை. நாலையும் தாழ்வாரத்தில் போட்டு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தினம் துடைத்தாள். அவளுடைய பதினாறாம் நாளுக்கு வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்தார்கள், ஓசியில். வீட்டை இடித்தபோது பெஞ்சுகள் விறகாயின.

அந்த மூன்றாவது மாடியில், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று மகன் கேட்டான். பெலாச்சான் காணாது, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றேன். தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த முறுக்கை எடுத்தேன். உடனே காவல்காரர் ஒருவர் வந்து சுவரில் ஒரு பலகையைக் காட்டினார். வாசித்துச் சொல்ல வந்த மகனைக் கையமர்த்திவிட்டு, நானே எழுத்துக்கூட்டினேன். வெளி உணவுகளுக்கு அனுமதி இல்லை. முறுக்கைப் பைக்குள் போட்டேன்.

பினாங்கிலிருந்து எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. சோறு வந்துவிட்டது, சம்பல் வந்துவிட்டது, பொது மேசையும் வந்துவிட்டது. தூக்குச்சட்டிக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் எழுந்துபோனதும் சிரித்துக்கொண்டே துடைத்த ஆள்தான் வரவில்லை.