கவிழ்த்துப் பார்த்த குப்பி

கொடைக்கானல் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் ஆக்ஸிலியா உதவியாளர். ஊர் பூண்டி. ஒன்பது வருடம் விடுதிச் சமையலறையில் இருந்துவிட்டு இங்கே மாறி வந்தவர். குப்பி கழுவுவதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும்தான் வேலை. போன மார்கழியில்தான் முதன்முதலாக ஒரு சோதனையே அவர் கைக்கு வந்தது.

ஆராய்ச்சி மாணவி தேவசேனா பழனிக்காரி. அவசரமாக ஊருக்குக் கிளம்பியவள், ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைக் கொடுத்தாள். பெப்டைடு, புரதத்தின் சிறு துண்டு. மூன்று மாதம் பாடுபட்டுச் செய்தது, இருந்ததே அவ்வளவுதான்.

"டிஎம்எஸ்ஓ கரைப்பான்ல கரைச்சு, தண்ணியச் சொட்டுச் சொட்டா விடுங்கக்கா. தானா ஜெல் ஆயிரும். வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும்."

மறுநாள் காலை டிஎம்எஸ்ஓ பாட்டில் கல்லாகக் கிடந்தது. கெட்டுவிட்டது என்றே ஆக்ஸிலியா நினைத்தார். பக்கத்தில் எத்தனால் இருந்தது. அதுவும் கரைப்பான்தானே? பொடி நன்றாகவே கரைந்தது. தண்ணீர் விட்டதும் ஜெல் வரவில்லை; வெள்ளை நூலாக இறங்கி அடியில் படிந்தது.

பொடிதான் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை. ஆனால் மாலையில் ஊரிலிருந்து திரும்பிய தேவசேனா பையை இறக்கிவைக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"நாந்தாம்மா கெடுத்தேன். பாட்டில் கெட்டுப்போச்சுன்னு எத்தனால ஊத்திட்டேன்."

தேவசேனா பையைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பாட்டிலைக் கேட்டாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"குளிருக்கு உறைஞ்சு கெடக்குக்கா. உங்க வீட்டுத் தேங்காயெண்ணெய் உறையாதா?"

"ஐயோ மாதாவே! தெனம் அடுப்போரமா வச்சு உருக்குறவ நானு!"

"அப்ப இதையும் உருக்குங்க, வெரசா."

"அந்த நூலு?"

"அதுவும் பெப்டைடுதான், எங்கயும் போகல. எத்தனால்ல தடிச்சுத் தனித்தனியா விழுந்திருச்சு. டிஎம்எஸ்ஓல கரைச்சு விட்டா மெல்லிசாப் பின்னிக்கிட்டுத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும்."

நூலை வடிகட்டிக் காயவைத்தார்கள். வெந்நீரில் இளக்கிய டிஎம்எஸ்ஓவில் மறுநாள் கரைத்தார்கள். தேவசேனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயே தண்ணிய விடேம்மா, நான் மறுபடி கெடுத்துருவேன்."

"கெடாதுக்கா. சொட்டு சரியாத்தான் விழுகுது."

ஒரு மணி நேரம் கழித்து, உள்ளங்கையை அடியில் ஏந்தியபடி ஆக்ஸிலியா குப்பியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

தேவசேனா குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினாள். எத்தனால்: நூல். டிஎம்எஸ்ஓ: ஜெல். இரண்டுக்கும் நேரே, செய்தவர்: ஆக்ஸிலியா.

"மொத வரியில எதுக்கும்மா என் பேரு?"

"கரைப்பான மாத்துனா என்னாகும்னு கைடு கேப்பாருல்ல? அதையும் நீங்கதானக்கா செஞ்சீங்க."