எவ்வளவு ரத்தம் போகலாம்?

மலம் கருப்பாகப் போனபோது கேழ்வரகுக் களியைத்தான் சந்தேகித்தேன். களி நிரபராதி என்று மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். பெருங்குடலில் கட்டி; அதிலிருந்து ரத்தம் கசிகிறது. வெட்டி எடுக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பு மயக்க மருந்து டாக்டரம்மா வந்து எடை கேட்டார். "எழுபத்திரண்டு" என்றேன்.

எடையை வைத்து உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தைக் கணக்கிட்டார். ஹீமோகுளோபின் (பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) எனக்குப் பத்து. எட்டு வரை இறங்கலாமாம். "ஒரு லிட்டர் வரைக்கும் போனாலும் சமாளிக்கலாம். அதுக்கு மேல போனா ஏத்தணும்."

என் மனைவி செல்வி குறுக்கிட்டாள். "எழுவத்திரண்டா? அது புளி வாங்கறவரு சொன்ன எடைங்க டாக்டரம்மா."

"புரியலையே."

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் வியாபாரியின் தராசு சிறியது. மூட்டையை வைத்தால் முள் மறைந்துவிடும். அதனால் மூட்டையைச் சுமந்தபடி நாமே ஏறி நிற்போம். நம் எடையை அவர் கழித்துக்கொள்வார். புளி விலை ஏறாத வருடங்களிலும் என் எடை ஏறியது. கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெஷினில் ஏற்றினார். ஐம்பத்தாறு.

"எண்ணூறு மில்லிதான் தாங்கும். இன்னொரு யூனிட் ரத்தம் கைவசம் வேணும். பதிலுக்குக் கொடுக்க ஆள் இருக்கா?"

செல்வி போனில் தம்பியைப் பிடித்தாள். "இன்னாடா பண்ற? சாமைய அப்டியே போட்டுட்டு கீழ வா. மாமாவுக்கு ரத்தம் வேணும்... அவருகிட்ட ஏதுடா? பேசியே தீத்துட்டாரு."

மலையிலிருந்து பஸ் குறைவு. அவன் வரும்வரை கதவையும், என் கையின் பச்சை நரம்பையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலை ஆடுவதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் எரிச்சலில் திரும்பிப் படுத்தார்.

மைத்துனன் கொடுத்தது ரத்த வங்கிக்குப் போனது. எனக்கு வேறு யாருடையதோ வந்தது. அறுவையில் தொள்ளாயிரத்துக்கு மேல் போனதாம். எண்ணூறைத் தொட்டதுமே ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய கணக்கென்றால் இன்னும் காத்திருந்திருப்பார்கள்.

அறுவைக்குக் காத்திருக்கிறீர்களா? எடையை வாயால் சொல்லாதீர்கள். ஏறி நில்லுங்கள்.

வீடு திரும்பிவிட்டேன். பொழுது முன்போலக் கழிவதில்லை. நாடியாகக் காதுக்குள் அடிக்கிறது. புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

"இன்னாங்க, வெயில்ல ஸ்வெட்டரு?" என்றாள் செல்வி.

உள்ளே ஓடுவது யாருடையது என்று தெரியாது. அவருக்கு மலைக்குளிர் பழக்கமில்லாமல் இருக்கலாம்.