யாரும் படிக்காத பாராட்டு

நாட்டைக் காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பெட்டி நிறையப் பணம் கிடைக்கும் என்றுதான் வெர்லா ஹாக்மன் நினைத்திருந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமுள்ள ஒரு மாநிலம். அதன் சட்டமன்றத்தில் டுவேன் கில்மர் என்ற உறுப்பினரின் அலுவலகத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்தி வந்தவள் அவள். டுவேன் யானைச் சின்னக் கட்சி. வெர்லாவும் அதே கட்சி. அவள் கணவன் ஆர்லன் எதிரணியான கழுதைச் சின்னக் கட்சி. தேர்தல் வந்தால் வீட்டுப் புல்வெளியில் இரண்டு கட்சிப் பலகையும் நிற்கும். புல் வெட்டும்போது ஆர்லன் அவளுடைய பலகையைத் தெரியாமல் இடித்துவிடுவான். அன்று அவன் காப்பிக்குச் சர்க்கரை போட அவளும் தெரியாமல் மறந்துவிடுவாள்.

பாராட்டுத் தீர்மானம் எழுதுவதுதான் அவளுடைய முக்கிய வேலை. நூறு வயதைத் தொட்டவர், கோப்பை வென்ற பள்ளிக் கூடைப்பந்து அணி, சீஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பால் பண்ணை என்று வாரத்துக்கு ஏழெட்டு வரும். தங்க முத்திரை ஒட்டி, டுவேனிடம் கையெழுத்து வாங்கி, மற்ற உறுப்பினர்களின் தீர்மானங்களோடு கட்டாகக் கட்டி மன்றத்துக்கு அனுப்புவார்கள். வியாழக்கிழமை கடைசியில் அது வரும். சபாநாயகர் "ஆதரிப்போர்?" என்பார். கோட்டை மாட்டிக்கொண்டே எல்லோரும் "ஆம்" என்பார்கள். எதிர்ப்போரைக் கேட்கும்போது பாதிப் பேர் வாசலில் இருப்பார்கள். யானையும் கழுதையும் வருடம் முழுக்க முட்டிக்கொள்ளும். இரண்டும் ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் வெர்லா எழுதியதைப் படிக்காமல் இருந்ததுதான்.

அப்படியிருக்க, தூரத்து நாடு ஒன்றின் துணைத் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். எழுதினால் எனக்கும் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். "உங்கள் கூடைப்பந்துத் தீர்மானத்தைப் படித்துவந்தபோது, தோற்ற அணியும் நன்றாக ஆடியது என்று நீங்கள் சேர்த்திருந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன்." இதுதான் அந்த வாக்கியம்.

வெர்லா அதை மூன்று தடவை படித்தாள். டுவேனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "நல்லாருக்கு" என்றார் அவர், படிக்காமல்.

கடிதம் எழுதிய அதிகாரி அடுத்த மாதம் நேரில் வந்தார். வெர்லா எலுமிச்சை கேக் செய்து வைத்திருந்தாள். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டு, இரு நாட்டு நட்பைப் பற்றிச் சின்னதாக ஒரு தீர்மானம் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார். அரைப் பக்கம் போதும் என்றார். வெர்லா ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அந்த நாட்டுத் தலைவரின் தொலைநோக்கு, குடிமக்களின் முகத்தில் தவழும் மகிழ்ச்சி எல்லாம் அவர் கொடுத்த வண்ணப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மொழி மட்டும் அவளுடையது. "அந்நிய சக்திகளை இந்த மாநிலத்தில் கால் வைக்க விடமாட்டேன்" என்று தொகுதி முழுக்க முழங்கிவந்த டுவேன், இரண்டு போன் பேச்சுக்கு நடுவே அதில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை எல்லோரும் ஆம் என்றார்கள்.

ஏழு வாரம் கழித்து சோபிர் வந்தான். அந்த நாட்டுக்காரன், இப்போது இந்தத் தொகுதியில் பால் லாரிகளைப் பழுது பார்க்கிறவன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கையில் அவன் ஊர்ப் பத்திரிகை. முதல் பக்கத்தில் தங்க முத்திரையோடு வெர்லாவின் தீர்மானம்.

"மேடம், இத எழுதுனது யாருன்னு தெரியணும்."

வெர்லாவுக்கு முதலில் வந்தது பெருமை. அதை அவளே பிற்பாடு எல்லோரிடமும் சொல்லித் தன்னைத் திட்டிக்கொள்வாள். "நான்தான்" என்றாள், தலையைக்கூடக் கொஞ்சம் சாய்த்து.

"எந்தம்பி கமோல் அங்க ஜெயில்ல இருக்கான். ஊர்த் தண்ணில சாயம் கலக்குதுன்னு பத்திரிகைல எழுதினான், அதுக்கு. மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடுன்னு பதினாலு மாசமா அடிக்கிறாங்க. அவன் போடல. போட்டா, அவனோட சேந்து எழுதின நாலு பேரும் உள்ள போவாங்க."

"சரி..."

"இப்ப இத அவன் அறைக்கு எதிர்ச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. பாரு, ஒங்கண்ணன் இருக்கற ஊரே எங்களப் பாராட்டுதுன்னு. அவன் எங்கம்மாவுக்கு எழுதியிருக்கான். அண்ணங்கிட்ட கேளு, இது நெசமா? நெசம்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன், இனி யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கணும்னு."

வெர்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மகிழ்ச்சி தவழும் முகம் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்குள் இருந்த கடிதத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அப்போதும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள்.

"இன்னொன்னு எழுதறேன். பழைய பாராட்டத் திரும்ப வாங்கிக்கறோம், கமோல விடுதலை பண்ணுங்கன்னு. இந்த வாரக் கட்டுல நடுவுல சொருகிடறேன். ஒருத்தனும் பாக்க மாட்டான். எல்லாரும் ஆம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"படிக்காமலா?"

"எப்பவும் அப்படித்தான்."

சோபிர் சிரிக்கவில்லை. "எங்க ஊர் மன்றத்துலயும் அப்படித்தான் மேடம். எல்லாரும் கை தூக்குவாங்க. கமோலுக்கு அது நல்லாத் தெரியும். அந்த மாதிரி இன்னொரு காகிதத்த வெச்சு அவன் என்ன பண்ணுவான்?"

அன்று மாலை ஆர்லனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இருபது வருடமாகத் தொலைக்காட்சியைப் பார்த்து எதிர்க்கட்சிக்குள் உளவாளி தேடுகிறவன். சமையலறையில் நின்றபடி கேட்டான்.

"உளவாளிக்குக் கேக்கா குடுத்த?"

"ரெண்டு துண்டு."

"எனக்கு அன்னிக்கு ஓரந்தானே மிஞ்சிச்சு!"

"அதான் ஒனக்கு வருத்தமா?"

"இல்லடி. சரி, உன் டுவேன்கிட்டப் போய்ச் சொல்லு. வேலை போனா போகட்டும். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வெளிய போறத நிறுத்திக்கலாம்."

மறுநாள் காலை டுவேனின் மேசையில் பழைய தீர்மானத்தையும் இரவில் எழுதிய புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

"இத நானா கொண்டுவந்தேன்?"

"கையெழுத்து உங்களோடது. முட்டாள்தனம் என்னோடது. வேணும்னா ராஜினாமா எழுதித் தரேன். அதயாவது படிங்க."

"வெர்லா, அஞ்சு மாசத்துல தேர்தல். கில்மர் அந்நியன் கைக்குள்ள இருக்கான்னு பலகை வெப்பாங்க."

"எங்க வீட்டுலயே ஒண்ணு நிக்கும். ஆர்லன் வெப்பான்."

டுவேன் புதிய தீர்மானத்தை இரண்டாம் தடவை படித்தார். கட்சித் தலைமை கமுக்கமாக இருக்கச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். நல்லவர்தான், ஆனால் பயந்தவர். காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். "தம்பி பேரு எப்படிச் சொல்லணும்? கமாலா, கமோலா?" என்று கடைசியில் கேட்டார். அது போதும் வெர்லாவுக்கு.

வியாழக்கிழமை டுவேன் எழுந்து, ஒரு தீர்மானத்தை மட்டும் கட்டிலிருந்து பிரித்து முழுதாக வாசிக்க வேண்டும் என்றார். கோட்டைப் பாதி மாட்டியவர்கள் அப்படியே நின்றார்கள். வாசித்து முடித்ததும் கழுதைக் கட்சி வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் கேட்டார்.

"அப்ப முதல் தீர்மானத்த எழுதினது யாரு?"

"எங்க ஆபீஸ்" என்றார் டுவேன். "நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். நீங்க படிச்சுட்டா ஆம் சொன்னீங்க?"

மேலே பார்வையாளர் வரிசையில் சோபிரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்லாவுக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள். வெளிநாட்டு விவகாரம் நம் வேலையில்லை என்று சிலர் இல்லை என்றார்கள். டுவேன் கொண்டுவந்ததற்காகவே சில கழுதைகள் இல்லை என்றன. டுவேன் மானத்தை வாங்கிவிட்டார் என்று சில யானைகளும். ஐம்பத்தொன்று ஆம், முப்பத்தெட்டு இல்லை. நிறைவேறிவிட்டது. ஆனால் வெர்லாவுக்கு அந்த முப்பத்தெட்டுதான் நெஞ்சில் தைத்தது. சர்வாதிகாரியைப் புகழ்ந்தபோது ஒரு குரல்கூட எதிர்க்கவில்லையே!

"மன்னிச்சுக்கப்பா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ வருத்தப்படாத. நிறைவேறின பக்கத்த மட்டும் தங்க முத்திரை போட்டுத் தரேன். ஓட்டுக் கணக்கு வேணாம்."

சோபிர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"முத்திரை வேணாம் மேடம். சுவத்துல இருக்கறதுலயும் அதே முத்திரைதான். இல்லைன்னு சொன்ன முப்பத்தெட்டு பேர் இருக்கற பக்கம் குடுங்க. பேரோட. அதப் பாத்தாத்தான் கமோல் இது நெசம்னு நம்புவான்."