மைக் செட் ஜலீலும் எட்டாம் வகுப்போடு நின்ற சட்டமும்

"ஹலோ, ஹலோ… பிரிவு பதினேழு… பள்ளிக்கூடத்துல புள்ளைகள அடிக்கக் கூடாதுங்கற சட்டம் எட்டாம் வகுப்போட நிக்கிது… ஹலோ… அதைப் பன்னெண்டு வரைக்கும் கொண்டு போகணும்… ஹலோ." பின்னால் கட்டியிருக்கும் குழாய் கீச்சென்று கத்துகிறது. ஜலீல் ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழை லேசாகத் திருகிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மேடையில் இப்போதுதான் நாற்காலி போடுகிறார்கள். தலைவர் வர இன்னும் நேரம் இருக்கிறது. காளவாசல் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மற்ற மைக் செட்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். சிலர் உஃப் உஃப் என்று ஊதிப் பார்ப்பார்கள். ஜலீலின் டெஸ்டிங் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதுதான். கட்சிக் கூட்டமா, கல்யாணமா, கந்தூரியா என்கிற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரு காதுகுத்து வீட்டில் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டாராம், நல்ல காரியம் நடக்கிற வீட்டில் என்ன அடிதடிப் பேச்சு என்று. "இந்தப் புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்ல அண்ணே" என்று மட்டும் ஜலீல் கேட்டிருக்கிறார். மாமன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, சரி, சத்தத்தையாவது குறைத்து வை என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனாராம்.

கடை கோரிப்பாளையத்தில். தர்காவுக்குப் போகிற வழியில், ஒயர்ச் சுருள்களும் பாக்ஸுகளும் அடைத்து நிற்க, மிச்சம் கிடைத்த இடத்தில் ஒரு ஸ்டூல். ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். ஊரையே அலற வைக்கிற தொழில்காரருக்குச் சொந்தக் குரல் என்னவோ பூனைக்குட்டிக் குரல்தான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். "மைக்கு இல்லாட்டி இவுக பேசுறது எனக்கே கேக்காது" என்கிறார் மனைவி பக்ருன்னிசா. அந்தக் குரலை வைத்துக்கொண்டு டெல்லிக்குக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்து ஒன்பதில் வந்த மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனதை நோகடிக்கக் கூடாது என்கிறது. பள்ளியை விட்டு விரட்டவும் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ளவர்களுக்கு, எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பு வாசலை மிதித்ததும் பிள்ளை அந்தச் சட்டத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது. மீசை அரும்புகிற வயது, எதிர்த்துப் பேசுகிற வயது, பள்ளிக்கூடத்துக்குக் கோபம் அதிகம் வருகிற வயது எதுவோ, அங்கே வந்து சட்டம் கையை விரிக்கிறது. அடித்தால் போலீசுக்குப் போக வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஜலீலுக்கு யாரையும் உள்ளே தள்ள ஆசையில்லை. "வாத்தியாரைப் புடிச்சுக் குடுக்க வேணாம் சார். வாத்தியாருக்கே முன்னாடி தெரிஞ்சிருக்கணும், கை ஓங்கக் கூடாதுன்னு. அம்புட்டுத்தேன்."

இது புத்தகம் படித்து வந்த ஞானமில்லை. அவருடைய மகன் முகமது ஆசிப் ஒன்பதாம் வகுப்பில் அடிவாங்கும்போது பிரம்பைக் கையால் பிடித்துவிட்டான். பிடித்தான், அவ்வளவுதான், திருப்பி அடிக்கவில்லை. மறுநாள் டிசியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபோது ஓர் அதிகாரி தன்மையாகத்தான் சொன்னாராம்: பையன் எட்டாவதில் இருந்திருந்தால் இந்த டிசி செல்லாது பாய், ஒன்பதாவது ஆயிற்றே. ஆசிப் அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடப் படியும் ஏறவில்லை. கொச்சியில் ஒரு பேக்கரியில் இருக்கிறான். பெருநாளுக்கு வருவான். அதைச் சொல்லும்போது ஜலீல் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். மைக் ஸ்டாண்டைப் பேச்சாளர் உயரத்துக்கு வேண்டுமென்றே நாலு விரல் குறைத்துத்தான் வைப்பாராம். தலைவர் வந்து நின்று குனிவார். உடனே மைக் செட்காரர் மேடை ஏறியாக வேண்டும். யாரும் தடுக்க முடியாது, பாதுகாப்புக்கு நிற்கிறவர்கள்கூட வழிவிடுவார்கள். திருகைத் தளர்த்தி, குழலை உயர்த்தி, திரும்ப இறுக்குகிற நேரம் முழுவதும் அந்தத் தலைவரின் காது ஜலீலுடையது. அதற்குள் சொல்லி முடித்துவிடுவார். சிலர் முறைப்பார்கள், சிலர் பார்க்கலாம் பாய் என்பார்கள். பார்க்கலாம் என்றவர் அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் தொலைந்தார். மறுபடி ஸ்டாண்டு குட்டையாக நிற்கும். "போன தடவை பாக்கலாம்னீங்க. பாத்துட்டீங்களாண்ணே?"

அடேயப்பா என்று வாயைப் பிளந்தேன். பெரிய பெரிய ஆட்களைப் பேட்டி எடுத்து அலுத்துப்போனவன் நான். சந்திக்க நேரம் வாங்கித் தருவதாகச் சொல்லியே காலம் தள்ளுகிற தரகர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு திருகாணியை வைத்து நேரம் வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

வாடகையைக் குறைக்கச் சொல்லி யாராவது வந்தாலும் விடமாட்டார். குறைக்கிறேன், ஆனால் எம்.பி.க்கு ஒரு கார்டு எழுத வேண்டும் என்பார். மேஜை டிராயரில் அஞ்சலட்டைகள் கட்டாக இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்ருன்னிசா எழுதிக் கொடுப்பார், கையெழுத்து மட்டும் அவர்கள் போட வேண்டும். பூப்பு நீராட்டு விழாவுக்கு மைக் செட் பேச வந்து, மத்தியச் சட்டத்துக்குத் திருத்தம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

சட்டம் மாறியதா? இல்லை. இம்மியும் அசையவில்லை. அலுக்கவில்லையா என்று வாய்விட்டே கேட்டேன். டெல்லியைக்கூட ஒரு கை பார்த்துவிடலாம், பெற்றவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். நம் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது எல்லாரும் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறதே, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று? அதைச் சொன்னால்தான் பொறுப்பான தகப்பன் என்று ஒரு நினைப்பு. ஆசிப்பைச் சேர்க்கும்போது இவரும் மார்தட்டிச் சொன்னவர்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நிற்பார். உள்ளே போகிற அப்பா அம்மாக்களிடம், "எல்லாம் பேசுங்க, அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம்" என்று அந்தப் பூனைக்குரலில் கேட்டுக்கொள்வார். பலபேர் இவரை ஏதோ டியூஷன் விளம்பரக்காரர் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்களாம்.

இந்த ஜனவரியில் ஒரு காலையில், திருவாதவூரிலிருந்து மலையம்மாள் என்கிற அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். நானும் இருந்தேன். ஒரு கட்சிக் கூட்டத்தில் ஜலீலின் டெஸ்டிங்கைக் கேட்டு, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போன குடும்பம். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம். மகள் சரண்யாதேவி பத்தாம் வகுப்பு, அந்த வீட்டில் பத்தாவதைத் தொட்ட முதல் ஆள். பஸ் தாமதமானதால் லேட்டாகப் போனவளை வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம்தான் போடுவாள்? எழுந்து வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அடங்காத பிள்ளை, டிசியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொதுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

"பரீட்சை எழுதாட்டி இவளைக் கட்டிக் குடுத்துருவாக பாய்" என்றார் மலையம்மாள்.

ஜலீல் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு எழுந்தார். நானும் தொற்றிக்கொண்டேன். பள்ளியின் பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று. தலைமையாசிரியர் தமிழ்மாறன் கெட்டவர் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஜலீலின் மைக் செட்தான் என்பதால் எங்களுக்கு டீகூடச் சொன்னார். சரண்யாதேவி சுவரோரமாக நின்றாள். ஜலீல் தன் பையனைப் பற்றிப் பேசினார், பரீட்சையைப் பற்றிப் பேசினார். தமிழ்மாறன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டப்படி பாத்தாலும் அவ பத்தாவது பாய். எட்டாவதோட நிக்கிதுன்னு ஊரெல்லாம் மைக்குல சொல்றதே நீங்கதானே?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஊர் ஊராகக் கட்டிய குழாயெல்லாம் சேர்ந்து ஜலீலையே பார்த்துத் திரும்பிவிட்ட மாதிரி ஆயிற்று.

காரியம் கெட்டது என்று மலையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சார், கண்ண மட்டும் விட்டுட்டு அவ தோலை உரிச்சிருங்க சார். நான் ஏன்னு கேக்க மாட்டேன். டிசி மட்டும் வேணாம்."

சுவரோரம் நின்ற சரண்யாதேவி இரண்டடி முன்னால் வந்து, உள்ளங்கை மேலே தெரிய வலது கையை நீட்டினாள். நீட்டு என்று எவரும் சொல்லவில்லை. முகத்தில் அழுகை இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கை நீட்டுகிறவள் முகம்.

ஜலீல் எழுந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, அதே மாதிரி தன் வலது கையையும் நீட்டினார்.

"கையை எடுங்க பாய், என்ன இது" என்றார் தமிழ்மாறன்.

"பதினாலு வயசு எங்க ரெண்டு பேருக்குமே தாண்டிருச்சு சார்" என்றார் ஜலீல். "அந்தச் சட்டத்துக்கு நானும் இந்தப் புள்ளையும் ஒண்ணுதான். அவளுக்கு எம்புட்டோ, எனக்கும் அம்புட்டுப் போடுங்க."

மேஜைமேல் பிரம்பு கிடந்தது. தமிழ்மாறனின் கை அதன் பக்கம் போகவில்லை. முன்னால் நீண்டிருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் பற்றவைப்புச் சூடு பட்ட தழும்புகள். இன்னொன்றில் நீல மை, அதற்கடியில் ஆறிப்போன ஒரு பிரம்புத் தடம். அந்தத் தடத்தின்மேல் அவர் பார்வை நின்றது. அது யார் போட்டதோ, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கடைசியில் டிசித் தாளை எடுத்து, இரண்டாக மடித்து, டிராயரில் போட்டுச் சாத்தினார். தாழ்ந்த குரலில், "கிளாஸுக்குப் போம்மா. பரீட்சைய நல்லா எழுது" என்றார்.

ஜலீல் கையை இறக்கினார். ஆனால் சரண்யாதேவி போகவில்லை, கையையும் இறக்கவில்லை. அடி விழாமல் கையை இறக்கலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மலையம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"சார், நான் இப்பச் சொன்னேன்ல, தோலை உரிங்கன்னு" என்றார். "அது வேணாம் சார். அடிக்க வேணாம்."

அப்புறம் மகளின் அருகே போய், நீட்டியிருந்த அந்தக் கையைத் தன் இரு கைகளிலும் வாங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி மூடினார்.