யூதாஸ் வேஷம் கட்டிய இருவர்

மூன்று நாளாகத் தலையணையை விட்டு எழ மனசில்லை. பெரிய வெள்ளியன்று கடற்கரை மணலில் நடந்த அசதி என்று வீட்டில் சுக்குக்காப்பி போட்டுத் தருகிறார்கள். சுக்குக்காப்பிக்குக் கேட்கிற அசதியா இது?

ஜனவரியில் குமரிமுனை பார்க்க ஒரு பிரெஞ்சு நடிகர் வந்தார். அறுபது வயசு. நான் காரைக்காலில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவன் அல்லவா — மொழிபெயர்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயரை எழுத வேண்டாம் என்றார். முசியே — ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சு — என்றே வைத்துக்கொள்வோம்.

பத்தொன்பது வயசில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாராம். முதல் வருஷம் முழுக்க ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற வேலை. அப்புறம் வைத்தியர், ராஜா, சாமியார்... இருபத்தைந்து வருஷம் பாரிஸ் ஸ்டேஜில் அவர் கட்டாத வேஷமில்லை. அவர் கிசுகிசுத்தால் கடைசி பெஞ்சுக்கும் கேட்குமாம்.

பிறகு சினிமா. உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் ஒரு படத்தில், சிநேகிதனை எதிரிப் பட்டாளத்துக்குக் காட்டிக்கொடுக்கிறவனாக வந்தார். படம் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்து ஆறு படம். ஆறிலும் காட்டிக்கொடுக்கிறவன்தான்! ரொட்டிக்கடைக்காரிகூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சலித்துப்போய் ஸ்டேஜுக்கே திரும்பினார். சாமியார் அங்கியில் வந்து நின்றதும், வாய் திறக்குமுன் கொட்டகையே சிரித்ததாம். மறுநாள் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார்.

“என்னைத் தெரியாத ஊராகத் தேடி வந்தேன்” என்றார்.

கடியப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு மீன்பிடி ஊரில், எனக்குப் பழக்கமான பாதிரியார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நடிகர் வந்திருப்பது தெரிந்து சூசைமிக்கேல் என்பவன் ஓடிவந்தான். கட்டுமரக்காரன். பெரிய வெள்ளிதோறும் அங்கே ஏசுவின் பாடுகளைப் பாஸ்கு நாடகமாகப் போடுவார்கள்; அதில் பதினோரு வருஷமாக, ஏசுவை முப்பது வெள்ளிக்கு விற்ற யூதாஸ் அவன்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யூதாஸ் வேஷம் கட்டுகிறவன் கட்டுமரத்தைக் கரையேற்ற, ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து ஏசு உயிர்த்தெழுந்த உயிர்ப்பு ஞாயிறு வரை யாரும் கைகொடுக்க மாட்டார்கள். அவன் தனியாக இழுக்க வேண்டியதுதான்.

“அத சகிச்சுக்கிடலாம் சாரே. இப்பம் எம்மவளுக்கு ஒரு ஆலோசன வந்திருக்கு. மாப்பிள அப்பன் ‘யூதாசு வீட்டுலயா பெண்ணெடுக்க?’ன்னு இழுக்கான். இந்தப் பெரிய வெள்ளிக்கு நாடகம் பாக்க வருவான். வேற வேசம் கெட்டினா சனம் ஒத்துக்கிடுமா? தொரைட்ட கேளுங்க.”

கேட்டேன். முசியே அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். தாங்க மாட்டான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தாராளமாகக் கட்டு என்கிறார். இவரும் வேஷம் மாறினாராம், சனம் கைதட்டியதாம்.” அவன் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்... மறைப்பானேன்?

பாதிரியாரிடம் மன்றாடி, சிலுவை சுமக்க ஏசுவுக்குக் கைகொடுத்த சீமோன் வேஷத்தை வாங்கிவிட்டான். பெரிய வெள்ளி பிற்பகல், கொதிக்கிற மணலில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா. சூசைமிக்கேல் வந்து சிலுவையில் கைவைத்தான்.

“ஏலே, அவன தொடவிடாத! வித்துப்போடுவான்!”

யாரோ ஒருத்தன்தான் கத்தினான். சிரித்தது ஊர் முழுக்க. மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். சம்பந்தம் அதோடு சரி.

சீமோன் பத்தடி தூரம் சுமந்தால் போதும். இவன் சிலுவையை இறக்கி வைக்கவில்லை. “மக்கா, கீழ வையி” என்று ஏசு வேஷக்காரனே கெஞ்சினான். கடைசி வரைக்கும் சுமந்தான்.

எல்லாம் முடிந்து, தோள் தோலுரிந்து என்னிடம் வந்து நின்றான். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“தொரைக்கு கைதட்டுன சனம் எனக்கு தட்டலியே சாரே. நான் நடிச்சதுல என்ன கொறவு?”

“ஒரு குறையும் இல்லை. அடுத்த வருஷம் பார், தட்டுவார்கள்” என்றேன்.

திருந்துகிற ஜென்மமா நான்?