வெயில் காணாத மண்

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, ஒரு மேட்டுக்காட்டு அகழாய்வுக் குழிக்குள் கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறோம். துணைக்கண்டத்துக்கு மனிதர்கள் முதலில் எப்போது வந்தார்கள் என்று தேடும் குழி. அவர்களின் கல் கருவிகள் கிடைத்த இந்த மண், கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று ஆய்வகத்தில் கணக்கிடுவார்களாம். அதனால் இதில் துளி வெளிச்சமும் படக்கூடாது.

வேலைக்கு வரும் பழனியம்மாள், தடவிப் பார்த்தே இரும்புக் குழாயைக் குழிச் சுவரில் அடித்து இறக்குகிறார். மண்ணோடு உருவி, இரு முனையையும் மூடுகிறார். பிறகு சுவரில் விழுந்த ஓட்டையின் பக்கம் திரும்பி, "வாரேனுங்க" என்கிறார்.

"யார்கிட்டச் சொல்றீங்க?"

"கல்லைப் போட்டுட்டுப் போனவங்ககிட்டத்தானுங்க. மொத நாளு சொல்லாமப் போயிட்டனுங்க. ஊட்டுக்குப் போற வழி பூரா, பின்னாலயே கல்லுல கல்லைத் தட்டுற சத்தமுங்க."

நான் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

ஏணியில் கால் வைக்கும்போது என் வாயும் தன்னால் சொல்கிறது: "வர்றேங்க."

மேலே வந்து, வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் உறைக்கிறது. அந்த மண்ணுக்குள் திரும்பி வருவதாகவல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.